கல்லை அரைத்து எகிப்திய வண்ணம்: வாங்குமுன் கேளுங்கள்

கேள்வி: "பழங்கால எகிப்திய நீலம் செய்யும் கிட்" என்று இணையத்தில் 3,600 ரூபாய்க்கு வாங்கினேன். மணல், சுண்ணாம்புத்தூள், செம்புத்தூள், நேட்ரான் உப்பு இருந்தன. தாளில் சொன்னபடி வீட்டு அவனில் இரண்டு மணி நேரம் வைத்தேன். கறுத்த கட்டிதான் வந்தது. "நீங்கள் சரியாகச் செய்யவில்லை, பணம் திரும்பத் தர முடியாது" என்கிறார்கள். (கோவை வாசகி)

பதில்: தவறு உங்கள் மேல் துளியும் இல்லை. மணல், சுண்ணாம்பு, செம்பு, கார உப்பு, இந்த நான்கும்தான் எகிப்தியர் கலந்தவை. ஆனால் அவை நீலமாக மாற 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும், அதுவும் பல மணி நேரம். வீட்டு அவன் பொதுவாக 250 டிகிரியைத் தாண்டாது. நைல் கரையில் அமர்னா என்ற பழைய எகிப்திய நகரத்தில் 1891-92இல் தொல்லியலாளர் பெட்ரி தோண்டியபோது கிடைத்தவை உலைகளின் எச்சங்கள். அங்கே அடுப்படி வேலையாக இது நடக்கவில்லை. பெர்லினில் இருக்கும் எகிப்திய அரசி நெஃபர்டிட்டி சிலையின் நீலக் கிரீடம் அப்படிப்பட்ட சூட்டில் பிறந்த நிறம். உங்களுக்கு வந்த கறுப்பு, செம்பு சூடாகி ஆக்சைடு ஆனது, அவ்வளவே.

அந்தச் செய்முறைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். நடக்காத ஒன்றை நடக்கும் என்று எழுதி விற்றதற்கு அதுவே சாட்சி. பில், படங்கள், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: வண்ணத்தூளைக் குழைக்க வாங்கிய பிசின் கரையவே இல்லை, ஜெல்லி மாதிரி ஊதிவிட்டது. நாட்டு மருந்துக் கடையில் பாதாம் பிசின்தான் நல்லது என்றார்கள்.

பதில்: பாதாம் பிசின் ஜிகர்தண்டாவுக்கு. வண்ணத்துக்குக் கருவேலம் பிசின் கேளுங்கள். எகிப்தியர் வேல மரப் பிசினையும் விலங்குப் பசையையும் பயன்படுத்தினார்கள். நைல் நாட்டின் வேலமும் நம் ஊர்க் கருவேலமும் ஒரே இனம். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் விட்டு, ஓர் இரவு ஊறியதும் துணியில் வடிகட்டுங்கள்.

கேள்வி: மாலகைட் என்ற பச்சைச் செம்புத் தாதுக் கல் விலை அதிகம் என்பதால், மீன் தொட்டிக் கடையில் "மாலகைட் கிரீன்" மலிவாக வாங்கினேன். கை, மேசை, சட்டை எல்லாம் பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. மீன் நோய்க்கான மருந்து என்று பாக்கெட்டிலேயே இருந்திருக்கும். அது செயற்கைச் சாயம், அதில் செம்பு கிடையாது. நச்சுத்தன்மை உள்ளது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பத்து ரூபாய்ச் சோப்பு வாங்கினாலும் உறையைப் படிக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதுவது?

கேள்வி: அசுரைட் என்ற நீலச் செம்புத் தாதுவின் தூள் மூன்று கடைகளில் மூன்று விலை. எல்லாவற்றிலும் "100% இயற்கைத் தாது" என்றே இருக்கிறது. எப்படி நம்புவது?

பதில்: "இயற்கை" என்ற சொல்லை நம்பவே வேண்டாம். எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இது. உலகம் முழுவதும் நிறமிகளுக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு. அசுரைட் பி.பி. (பிக்மென்ட் புளூ) 30, எகிப்திய நீலம் பி.பி. 31, மாலகைட் பி.ஜி. 39, மஞ்சள் காவி பி.ஒய். 43. இந்த எண்ணை அச்சிட ஒரு பைசாகூட அதிகம் ஆகாது. ஆனாலும் பிரமிடு படம் போடுகிறார்கள், பூனை படம் போடுகிறார்கள், எண்ணை மட்டும் போடுவதில்லை. போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று மாட்டிக்கொள்வார்கள். எண் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். பெயருக்குப் பின்னால் "ஹ்யூ" என்று இருந்தால், அந்த நிறத்தைப் போலச் செய்த வேறு பொருள் என்று பொருள். இறக்குமதி என்றால் எந்த நாடு, யார் இறக்குமதி செய்தார் என்பதும் உறையில் இருக்க வேண்டும். அது சட்டம்.

நான் வாங்கிய ஓர் "அசுரைட்" தூளை நீரில் கலக்கி இரவு முழுக்க வைத்தேன். காலையிலும் நீர் நீலமாகவே இருந்தது. தாது அடியில் படியும், மேலே நீர் தெளியும். தெளியாவிட்டால் சாயம் கலந்திருக்கிறது. தெளிந்துவிட்டது என்பதற்காக அசல் என்றும் முடிவு கட்டாதீர்கள், நீரில் கரையாத செயற்கை நிறமிகளும் உண்டு. இன்னொன்று, கடைக்காரர் பக்கமும் சொல்ல வேண்டும்: அசுரைட்டும் மாலகைட்டும் கரகரப்பாக இருந்தால் அடர் நிறம், நைஸாக அரைத்தால் வெளிர் நிறம். இரண்டு பொட்டலம் வேறு வேறு நிறத்தில் இருப்பதாலேயே ஒன்று போலி ஆகாது.

கேள்வி: மாலகைட்டை அரைக்க மார்பிள் கல்வம் போதுமா?

பதில்: போதாது. எந்தக் கல்லையும் அரைக்கலாம் என்று சொல்லித்தான் எனக்கும் ஒன்றை விற்றார்கள். மார்பிளைவிட மாலகைட் கடினம், கல்வமே தேய்ந்து வெள்ளைத் தூள் கலந்து பச்சை வெளிறிப்போனது. கருங்கல் வாங்குங்கள். நீர் விட்டே அரையுங்கள், முகக்கவசம் போடுங்கள். செம்புத் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது.

கேள்வி: "துட்டன்காமன் காலத்து லாபிஸ் நீல வண்ணம்", 10 கிராம் 5,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எகிப்திய அரசன் துட்டன்காமன் முகமூடியில் நீல நிற லாபிஸ் இருக்கிறது, புருவத்திலும் கண்ணைச் சுற்றியும் பதித்த கல்லாக. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அந்தக் கல்லை நகைக்கும் பதிப்புக்கும் வைத்துக்கொண்டார்கள். சுவரில் பூசிய நீலம் உலையில் செய்த எகிப்திய நீலம்தான்.

கேள்வி: மகனின் பள்ளி புராஜெக்டுக்கு எகிப்திய மஞ்சள் வேண்டும். தாளகம் கடையில் கிடைக்கிறது.

பதில்: தாளகம் ஆர்சனிக் கலந்த தாது. எகிப்தியர் பூசினார்கள் என்பது உண்மை, பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மஞ்சள் காவியும் அவர்கள் பூசிய வண்ணமே, விலையும் குறைவு. பாதியை எடுத்துப் பழைய இரும்புச் சட்டியில் நீங்களே நன்றாக வறுத்துக் கொடுங்கள், சுமார் 300 டிகிரியில் சிவப்புக் காவியாக மாறிவிடும். ஒரே பொட்டலத்தில் இரண்டு வண்ணம் கிடைக்கும்.