பேண்ட் 6 ரேடியோகிராபர் ஆன்லைனில் பகுதிநேர முதுநிலைப் படிப்பு படித்தால் பேண்ட் 7 கிடைக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனை ஒன்றில், பேண்ட் 6 என்ற ஊதியப் படியில், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் ரேடியோகிராபராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்தவன். வேலையை விடாமல் ஆன்லைனில் எம்.எஸ்சி. படித்தால் பதவி உயர்வு கிடைக்குமா? எந்தப் பிரிவை எடுக்கலாம்? பின்னாளில் ஊர் திரும்பினால் இந்தப் படிப்பு உதவுமா?

பதில்:

கிடைக்கும். ஆனால் சான்றிதழை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் கிடைக்காது.

நானும் உங்களைப்போல் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்து இங்கே வந்தவன்தான். வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைச் சான்றிதழ் படித்து, இப்போது எலும்பு எக்ஸ்ரேக்களுக்கு ரிப்போர்ட் எழுதும் ரேடியோகிராபராக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் உங்கள் கேள்வியின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எந்தப் படிப்பு என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் துறை எந்த வேலைக்கு ஆளில்லாமல் திண்டாடுகிறது என்று பாருங்கள்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவத்தில் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதற்கான 2017ஆம் ஆண்டு விதிகள், நாம் தினமும் ‘இர்மர்’ என்று சொல்கிறோமே அவை, படத்தைப் பார்த்து முடிவு எழுதுவதை ‘ஆபரேட்டர்’ செய்யும் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. ஆபரேட்டர் மருத்துவராகத்தான் இருக்கவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. தகுந்த பயிற்சி வேண்டும். வேலை கொடுத்திருக்கும் நிறுவனம் அந்தப் பணிக்கு உங்களை முறைப்படி நியமித்திருக்கவேண்டும். பயிற்சியைப் பல்கலைக்கழகம் தரும். நியமனத்தை உங்கள் மருத்துவமனையை நடத்தும் டிரஸ்ட் மட்டுமே தரமுடியும். ஒரு டிரஸ்டில் முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர் இன்னொரு டிரஸ்டுக்கு மாறினால், அங்கே புதிதாக அனுமதி வாங்கும்வரை ஒரு வரிகூட எழுதமுடியாது. சொந்தச் செலவில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அதே டியூட்டிப் பட்டியலில் அதே பேண்டில் நிற்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் படிப்பில் குறையில்லை. அவர்கள் படித்ததற்கு அந்தத் துறையில் நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

நாற்காலி இருக்கும் இடங்கள் நிறைய உண்டு என்பது நல்ல செய்தி. ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் அமைப்பின் 2023 கணக்கெடுப்பு, படங்களைப் படித்து முடிவு சொல்லும் மருத்துவர்களான ரேடியாலஜிஸ்டுகள் தேவைக்குச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருப்பதாகச் சொன்னது. இந்தப் பற்றாக்குறைதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. திறப்பு புதியதும் அல்ல. எக்ஸ்ரேயில் முறிவு இருப்பதாகத் தோன்றினால் ரேடியோகிராபரே படத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி விபத்துப் பிரிவு மருத்துவரை உஷார்ப்படுத்தும் வழக்கம் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையிலிருந்து 1985இல் மருத்துவ இதழில் எழுதப்பட்டது. பத்தாண்டுக்குள் ரேடியோகிராபர்கள் முழு ரிப்போர்ட்டே எழுதத் தொடங்கிவிட்டார்கள். இன்று அது முதுநிலைப் படிப்பாகவும் பேண்ட் 7 வேலையாகவும் நிலைபெற்றுவிட்டது.

இனிப் படிப்பின் அளவைப் பார்ப்போம். முதுநிலைச் சான்றிதழ் 60 கிரெடிட், டிப்ளமா 120, எம்.எஸ்சி. 180. பகுதிநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஆண்டுக்கு 60 வீதம் மூன்று ஆண்டு. எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக, 60 கிரெடிட் என்பது 600 மணி நேரம். அதை நாற்பது வாரங்களில் பரப்பினால் வாரத்துக்கு 15 மணி நேரம். நம் வேலை வாரம் 37.5 மணி நேரம்தானே? அப்படியானால் வாரத்தில் இரண்டு முழு வேலைநாட்களைக் கூடுதலாகச் சுமக்கிறீர்கள். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின் இதைச் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். துறை உங்களுக்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் பாரம் பாதியாகும். ஒதுக்குமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாயால் சொன்ன ஸ்டடி லீவ், ஆள் குறைந்த முதல் வாரத்திலேயே காணாமல் போய்விடும்.

‘ஆன்லைன்’ என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாடங்கள் இணையத்தில் இருக்கும், வாரம் ஒரு மாலை டீம்ஸில் வகுப்பு இருக்கும், கட்டுரையை இணையத்திலேயே சமர்ப்பிக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டிங் படிப்பின் உயிர் இருப்பது உங்கள் மருத்துவமனையின் இருட்டறையில், இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால். பல நூறு படங்களுக்கு நீங்கள் ரிப்போர்ட் எழுதி, ஒவ்வொன்றையும் வழிகாட்டி பார்த்துச் சரியா தவறா என்று பதிந்த ஏடு இல்லாமல் தேர்ச்சி இல்லை. வழிகாட்டி ரேடியாலஜிஸ்டாகவோ அனுபவமுள்ள ரிப்போர்ட்டிங் ரேடியோகிராபராகவோ இருக்கலாம். அவருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். மாணவரின் நேரத்தைக் கேட்டு வாங்குபவர்கள்கூட வழிகாட்டியின் நேரத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கீழே விழுந்து கையை ஊன்றிய ஒருவரின் முழங்கைப் பக்கவாட்டுப் படம். முறிவுக் கோடு எதுவும் தெரியவில்லை. படமெடுப்பவராக நாம் இதுவரை பார்த்துவந்தது என்ன? முழங்கை 90 பாகை மடங்கியிருக்கிறதா, சுழற்சி இல்லாமல் விழுந்திருக்கிறதா, நல்ல படமா. ரிப்போர்ட் எழுதுபவர் முதலில் எலும்பைப் பார்ப்பதில்லை. எலும்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் கொழுப்பைப் பார்க்கிறார். முன்பக்கக் கொழுப்பு எலும்பை ஒட்டிய மெல்லிய கறுப்புக் கீற்றாக இருந்தால் இயல்பு. அது பாய்மரம்போல் மேலே தூக்கி நின்றாலோ, சரியாக மடங்கிய முழங்கையில் பின்பக்கக் கொழுப்பு கண்ணில் பட்டாலோ, மூட்டுக்குள் நீரோ இரத்தமோ சேர்ந்திருக்கிறது. அடிபட்ட பெரியவர் என்றால் ஆர எலும்பின் தலையிலும், குழந்தை என்றால் மேற்கை எலும்பின் கீழ்முனையிலும் கண்ணுக்குப் புலப்படாத முறிவு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆகவே ‘முறிவு இல்லை’ என்று எழுதி நிறுத்தக்கூடாது. மூட்டில் நீர்க்கோப்பு உண்டு, மறைந்த முறிவு இருக்கக்கூடும், மறுபடியும் பார்க்கவேண்டும் என்று எழுதவேண்டும். அந்த ஒரு வரியில்தான் நோயாளி கட்டோடு வீட்டுக்குப் போகிறாரா, வலி மாத்திரையோடு போகிறாரா என்பது இருக்கிறது.

என் வழிகாட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ரிப்போர்ட்டையும் ஏற்பதற்கு முன்னால் படத்தின் நான்கு ஓரங்களிலும் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். கணுக்கால் படம் என்றால் எல்லோரும் கணுக்காலைப் பார்ப்பார்கள். கீழ் ஓரத்தில், ஐந்தாவது பாத எலும்பின் அடிப்பகுதியில், முறிவு பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு முறிவைக் கண்டுபிடித்த திருப்தியில் தேடுவதை நிறுத்திவிடுவதும் அப்படித்தான். எந்த இணைய வகுப்பும் இந்தப் பழக்கத்தை உங்களுக்குள் ஏற்றாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நச்சரிக்க வேண்டும்.

கட்டுரை எழுதுவது வேறொரு மலை. ‘சிறுகுறிப்பு வரைக’ என்றால் பத்துப் பாயின்டுகளைக் கடகடவென்று எழுதி வளர்ந்தவர்கள் நாம். இங்கே மூவாயிரம் சொற்களில் ஓர் ஆய்வின் பலவீனத்தைக் காட்டு, உன் துறையின் வழக்கத்தை அதோடு ஒப்பிடு, நீ ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று சொல் என்பார்கள். புத்தகத்தில் உள்ளதை அழகாகத் திருப்பிச் சொன்னால் மதிப்பெண் குறையும். தொழில் பதிவுக்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியவருக்கும் இது முதல் கட்டுரையில் அதிர்ச்சிதான். சேர்வதற்கு முன்பு பல்கலைக்கழக நூலகத்தின் எழுத்துப் பயிற்சி வகுப்புகள் தொலைதூர மாணவர்களுக்கும் உண்டா என்று விசாரியுங்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து ஒருபக்கச் சார்புடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டிங்தான் என் தேர்வு. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் ஆன்லைனுக்கு நன்றாக ஒத்துவரும், இயற்பியல் பாடத்தை இரவில் உட்கார்ந்து படித்துவிடலாம். ஆனால் அவற்றால் மட்டும் பேண்ட் 7 வருவது, துறையில் மேற்பார்வைப் பதவி காலியாவதைப் பொறுத்தது. அல்ட்ராசவுண்டுக்கு ஆள் தேவை அதிகம், பேண்ட் 7 கிட்டத்தட்ட உறுதி. ஆனால் கையில் புரோபைப் பிடித்துப் பழக வாரத்தில் பல நாள் ஸ்கேன் அறையில் நிற்கவேண்டும் என்பதால், முழுக்க ஆன்லைன் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். படிப்புக்கு, அல்ட்ராசவுண்ட் படிப்புகளை மதிப்பிடும் ‘கேஸ்’ அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அட்வான்ஸ்ட் கிளினிக்கல் பிராக்டிஷனர்’ என்ற உயர்நிலைப் பணியாளர் ஆவதற்கு முழு எம்.எஸ்சி. அளவு படிப்பு வேண்டும். மருத்துவப் பணி, தலைமை, கற்பித்தல், ஆராய்ச்சி நான்கிலும் ஆதாரம் காட்டவேண்டும். அதற்குப் பலர் ஏறிவந்த, வேலை பார்த்தபடியே பயிலும் அப்ரண்டிஸ்ஷிப் வழிக்கான அரசு நிதி, இங்கிலாந்தில் 2026 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று சுருக்கப்பட்டுவிட்டது. நமக்கு அது மூடிய வாசல்.

எனவே முதலில் 60 கிரெடிட் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேண்ட் 7 வேலை கைக்கு வந்தபின் மீதியைப் படிக்கலாம்.

பணக்கணக்கை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் 2025-26 ஊதிய அட்டவணையில் பேண்ட் 6 உச்சம் ஆண்டுக்கு 46,580 பவுண்டு. பேண்ட் 7 தொடக்கம் 47,810. வித்தியாசம் 1,230 பவுண்டுதான். பேண்ட் 6இல் இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதமும், ஞாயிறுக்கும் பொது விடுமுறைக்கும் 60 சதவீதமும் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தவர், திங்கள் முதல் வெள்ளிவரை பகலில் ரிப்போர்ட் எழுதும் வேலைக்கு மாறினால் முதல் மாதச் சம்பளம் குறையவும் கூடும். வீட்டில் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் சரியாகும், இரவில் தூக்கமும் மிஞ்சும். என்னைக் கேட்டால் அந்தத் தூக்கத்துக்கே தனி விலை உண்டு.

கட்டணத்தில் இன்னொரு பொறி. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வரும்வரை பல பல்கலைக்கழகங்கள் உங்களை வெளிநாட்டு மாணவராகக் கருதி அதிகக் கட்டணம் கேட்கும். முதுநிலைக் கல்விக் கடனும் பொதுவாகக் கிடைக்காது. தொலைதூரப் படிப்புக்கு எல்லோருக்கும் ஒரே கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு, தேடிப் பாருங்கள். டிரஸ்ட் பணம் கட்டினால் மகிழ்ச்சி. ஆனால் இத்தனை காலத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கட்டவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வீடு மாறும் எண்ணம் இருந்தால் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஊர் திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். இதில் இனிப்புத் தடவ விரும்பவில்லை. இந்தியாவில் ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்டின் வேலை; நீங்கள் இங்கே வாங்கிய தகுதிக்கு அங்கே பதவி கிடையாது. அல்ட்ராசவுண்டில் நிலைமை இன்னும் கடுமை. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வதைத் தகுதிபெற்ற மருத்துவர்களிடமே விட்டிருக்கின்றன. திரும்புவது உறுதி என்றால் சி.டி., எம்.ஆர்.ஐ. அல்லது கல்லூரியில் கற்பிக்க உதவும் முழு எம்.எஸ்சி.தான் பயன் தரும். அதற்கும் அங்கே சமநிலை அங்கீகாரம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்தே இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு: 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் துணை மருத்துவப் படிப்புகளை ஆன்லைனிலோ தொலைதூரக் கல்வியிலோ நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டது. வீட்டிலிருந்தே ரேடியாலஜி எம்.எஸ்சி. என்று யாராவது அழைத்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

உங்களுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு இலவசமான இ-லேர்னிங் ஃபார் ஹெல்த்கேர் தளத்தில் படங்களைப் படித்தறியும் பாடங்கள் இருக்கின்றன. சில வாரம் அவற்றைச் செய்துபாருங்கள். நம் தொழில் பதிவை வைத்திருக்கும் எச்.சி.பி.சி. அமைப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது கேட்கக்கூடிய தொழில் வளர்ச்சிக் கணக்கிலும் அது சேரும். சலித்துப்போனால் ஆயிரக்கணக்கான பவுண்டு மிச்சம். சலிக்கவில்லை என்றால், செப்டம்பர் சேர்க்கைக்குக் கோடையில் ஓடாமல், ஏப்ரலில் புது நிதியாண்டு பிறப்பதற்கு முன்பே மேனேஜரிடம் பேச்சை எடுங்கள். ரிப்போர்ட்டிங் படிப்பின் விண்ணப்பத்தில் வழிகாட்டியின் பெயரையும் துறைத் தலைவரின் கையெழுத்தையும் கேட்கும் பக்கம் ஒன்று இருக்கும். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.