கதவு எரியலாம், தீ தாண்டக் கூடாது

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் படிக்கட்டுக்குப் போகும் கதவில் 'தீயெதிர்ப்பு 60 நிமிடம்' என்று ஒரு தகடு இருக்கிறது. தட்டிப் பார்த்தால் மரம். மரம் எரியாதா? 60 நிமிடம் முடிந்ததும் என்ன ஆகும்?

பதில்: எரியும், நன்றாகவே எரியும். தீயெதிர்ப்பு என்றதும் எரியாமை என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. எரிவதும் எரியாததும் பொருளின் குணம். தீயெதிர்ப்பு என்பது கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்து தீயை மறுபக்கம் விடாமல் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்தும் என்ற கணக்கு. அதனால்தான் அதை நிமிடத்தில் சொல்கிறோம்.

நான் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். கதவை நிலையோடு ஒரு சுவரில் பொருத்தி, அந்தச் சுவரால் உலையின் வாயை மூடுவோம். தீச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 834-இன்படி உலைக்குள் 5 நிமிடத்தில் சுமார் 576 டிகிரி செல்சியஸ், அரை மணியில் 842, ஒரு மணியில் 945. வெளிப்பக்கம் நிற்கும் எங்கள் கையில் இருப்பது கம்பிச் சட்டத்தில் செருகிய பஞ்சுத் துண்டு! எங்கே இடுக்கு விடுகிறதோ அங்கே அதை நீட்டுவோம். பஞ்சு பற்றிக்கொண்டால் கதவு தோற்றது. வெப்பத்தையும் தடுக்க வேண்டிய கதவென்றால் இன்னொரு நிபந்தனையும் உண்டு: நம் பக்கத்துப் பரப்பின் சூடு, தொடக்கத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 140 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது, எந்த ஒரு புள்ளியிலும் அந்த ஏற்றம் 180ஐத் தாண்டக் கூடாது.

மரம் இதில் ஜெயிப்பது கரியால்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கருகும். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. இரும்பு எரியாது, சரி. ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போது பாதி வலுவை இழந்துவிடும். பூச்சோ உறையோ இல்லாத இரும்பு உத்தரம், தடித்த மர உத்தரத்துக்கு முன்பே தொய்ந்துபோவது உண்டு.

60 நிமிடம் என்பது உலை நேரம். நிஜத் தீ அந்த அட்டவணையைப் பார்த்து எரியாது. ஆகவே ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அப்புறம், கதவோரத்துக் காடியில் ஒரு பட்டை ஓடும், பாருங்கள். சூடு பட்டதும் அது உப்பி இடுக்கை அடைக்கும். அசிங்கமாக இருக்கிறதென்று அதைப் பிய்த்துவிடுகிறார்கள். காற்று வரட்டும் என்று கதவுக்குக் கல் முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. திறந்து கிடக்கும் கதவின் தீயெதிர்ப்பு 0 நிமிடம்.

கேள்வி: 'ஃபயர் ரிடார்டன்ட்' என்று போட்டு விற்கும் திரைச்சீலையும் இதே வகைதானா?

பதில்: இல்லை. அது எளிதில் பற்றாது, பற்றினாலும் மெதுவாகப் பரவும், அவ்வளவே. அறை முழுக்கத் தீ என்றால் அதுவும் போகும். மேலே மருந்து ஏற்றிய துணி என்றால் சலவையில் அந்தக் குணம் குறையலாம். துவைக்கும் முறையைப் படித்துவிட்டுத் துவையுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் தீ தாங்கும் பெட்டகம் வாங்கியிருக்கிறேன். பத்திரங்களோடு ஹார்ட் டிஸ்க்கையும் வைக்கலாமா?

பதில்: பத்திரங்களை வையுங்கள். காகிதத்துக்கான பெட்டகத்தில் உள்சூடு சுமார் 177 டிகிரி வரை போகலாம் என்பதே வரம்பு. காகிதம் அதைத் தாங்கும். கணினித் தகவல் வைக்கும் பெட்டகங்களுக்கு வரம்பு 52 டிகிரி. தவிர, பல பெட்டகங்களின் சுவருக்குள் அடைத்திருக்கும் பொருள் சூட்டில் நீராவியை விட்டுத்தான் உள்ளே குளிர்ச்சி காக்கிறது, அந்த ஈரமும் டிஸ்க்குக்கு ஆகாது. டிஸ்க்குக்குத் தனி வகைப் பெட்டகம் வாங்குங்கள். இல்லையென்றால் இன்னொரு நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள். நான் செய்வது இரண்டாவதைத்தான், செலவு குறைவு.