எஸ்எஸ்டியில் சிக்கனமாக எழுதுவது: கேள்வி பதில்

கேள்வி: சின்ன ஃபைலை மாற்றினாலும் எஸ்எஸ்டிக்கு ஏன் அவ்வளவு வேலை?

எஸ்எஸ்டியின் நினைவுச் சிப்பான ஃபிளாஷில் எழுதிய பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் பேஜாக, அழிப்பதோ பல பேஜ்கள் சேர்ந்த மொத்த பிளாக்காக. அதனால் டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் புதியதை வேறு பேஜில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்த பிளாக்கை அழிக்க, அதில் உயிரோடிருக்கும் மற்ற பேஜ்களை வேறிடத்துக்கு நகர்த்தும். நீங்கள் எழுதியதைவிடச் சிப்பில் அதிகம் எழுதப்படுவது இப்படித்தான். ஃபைல்சிஸ்டம் (ஃபைல்களை டிரைவில் அடுக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) செய்யக்கூடியது, அங்கங்கே சிதறி எழுத வேண்டிய சின்னத் தரவுகளைச் சேர்த்துத் தொடர்ச்சியாக அனுப்புவது, ஒன்றாக அழியப்போகும் தரவை ஒரே இடத்தில் வைப்பது. டிரைவை முழுக்க நிரப்பாதீர்கள், காலியிடம் குறையக் குறைய நகர்த்தல் கூடும்.

கேள்வி: டிரிம் (எது நீக்கப்பட்டது என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) அவசியமா?

அவசியம். ஃபைலை நீக்கியது டிரைவுக்குத் தானாகத் தெரியாது, செத்த தரவையும் சுமந்துகொண்டே இருக்கும். லினக்ஸில் வாரம் ஒருமுறை டிரிம் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் ஓடினால் பொதுவாகப் போதும்.

கேள்வி: சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக்?

வேண்டாம்.

கேள்வி: ஃபிளாஷுக்கென்றே செய்த ஃபைல்சிஸ்டமான எஃப்2எஃப்எஸ் இருக்கும்போது, லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 எதற்கு?

சாம்சங்கில் உருவாகி 2013இல் லினக்ஸ் 3.8உடன் வந்தது எஃப்2எஃப்எஸ். அடிக்கடி மாறுவதையும் மாறாததையும் பிரித்து, வழக்கமாக ஆறு லாகுகளில் (பழையதன் மேல் எழுதாமல் புதியதைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் வரிசைகள்) எழுதும். அதற்காக எக்ஸ்ட்4 மோசம் என்றாகாது, சாதாரண டெஸ்க்டாப்பில் அதுவே போதும்.

கேள்வி: டிரைவும் புதியதை வேறிடத்தில் எழுதுவதால் அதற்குள்ளேயே ஒரு லாக், மேலே ஃபைல்சிஸ்டத்தில் இன்னொன்றா? இரண்டு பேரும் தனித்தனியாகக் குப்பை கூட்டுவார்களே (செல்லாததை அழிக்க மற்றதை நகர்த்துவது)!

நியாயமான அடி. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே தரவை இரண்டு முறை நகர்த்துவது உண்மைதான். ஆனால் எந்தத் தரவு சீக்கிரம் மாறும் என்று ஊகிக்க ஃபைல்சிஸ்டத்திடம் தகவல் இருக்கிறது. டிரைவுக்கு வெறும் முகவரிகள்தான்.

கேள்வி: அதற்கும் மேலே டேட்டாபேஸ் லாக்?

மூன்றாவது அடுக்கு, ஒத்துக்கொள்கிறேன். அதைக் குறைக்கத்தான் எஃப்2எஃப்எஸ்ஸில் அணு எழுத்து (எழுதினால் முழுதாக, இல்லையேல் எதுவுமே இல்லை) வசதி. 2017இல் வந்த எஸ்க்யூலைட் 3.21 டேட்டாபேஸ் அதைப் பயன்படுத்தும்படி கட்டமைக்கலாம். பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் தனி ரோல்பேக் ஜர்னல் எழுதும் வேலை மிச்சம். லாகின் மேல் லாக் வீண் என்று இன்னும் வாதாடுபவர்கள், எஃப்சிங்க் (தரவை உடனே டிரைவில் பதியச் சொல்லும் அழைப்பு) மழையாகப் பொழியும் வேலையில் எஃப்2எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எழுதுவதைக் குறைக்க ஃபைல்சிஸ்டத்தின் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) அணைக்கலாமா?

கூடாது. மிச்சமாவது கொஞ்சம், கரண்ட் போனால் ஃபைல்சிஸ்டமே குலையலாம். ஃபைலைப் படித்த நேரத்தைப் பதியாமல் விடும் நோஏடைம் போடுங்கள், அதில் ஆபத்து இல்லை.

கேள்வி: டிரைவ் 98% நிரம்பிவிட்டது, மெதுவாக இருக்கிறது, டீஃப்ராக் செய்யலாமா?

மேலே படியுங்கள். அப்புறம் எதையாவது அழியுங்கள்.