உயில் எழுதியாயிற்று, அது எங்கே இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 68. கணவர் காலமாகிவிட்டார். மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்து உயில் எழுதி, மூத்த மகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சாட்சியாக வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் பேரில் உள்ள பாங்க் லாக்கரில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு பிள்ளைகள் புரோபேட்டுக்காக, அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்றுக்காக, அலையக் கூடாது. இது போதுமா?

பதில்: பாதிக் கிணறு தாண்டியிருக்கிறீர்கள், அம்மா. மீதியையும் தாண்டிவிடுங்கள்.

முதலில் சாட்சி. பங்கு பெறும் மகளே சாட்சியாக இருக்க வேண்டாம். இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, உயில் நிற்கும். சாட்சி போட்டவருக்கு எழுதிய பங்கு மட்டும் செல்லாது. அந்த வழியில் வந்த பல நாட்டுச் சட்டங்களிலும் இதே விதி உண்டு. விலக்கு இருக்கும் இடத்தில்கூட, வழக்குக்கு நாமே ஏன் வாசலைத் திறந்துவிட வேண்டும்? பங்கே இல்லாத இருவரை ஒன்றாக உட்காரவைத்து, அவர்கள் பார்க்கப் புதிதாகக் கையெழுத்திடுங்கள். தேதி போடுங்கள். முந்தைய உயில் ரத்து என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது லாக்கர். உங்கள் பேரில் மட்டும் இருந்தால், உங்களுக்குப் பிறகு அதைத் திறக்க பாங்க் கேட்கக்கூடிய காகிதம் அதற்குள்ளேயே இருக்கும்!

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பா இறந்தபோது ஃபைலில் கிடைத்தது ஜெராக்ஸ் மட்டும்தான். எழுதியவர் தன் கையில் வைத்திருந்த அசல் உயில் காணவில்லை என்றால், அவரே கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது குடும்பத்தின் பாடு. ஏழு மாதம் கழித்து, அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு அடியில் அசல் அகப்பட்டது. அதோடு முடிந்ததா? நகல் எடுப்பதற்காக என் தம்பி துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றிவிட்டான். கோர்ட் எழுத்தர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இந்த ரெண்டு ஓட்டையில எந்தத் தாள் குத்தியிருந்தது?" என்று கேட்டார். உயிலோடு இருந்த எந்தத் தாளும் பிரித்தெடுக்கப்படவில்லை என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டியதாயிற்று. அம்மா அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், அசலில் குண்டூசி, கிளிப் எதுவும் குத்தாதீர்கள், கழற்றவும் செய்யாதீர்கள். தனி உறையில் போட்டு வையுங்கள்.

ஒரு நோட்டில் எந்த பாங்கில் என்ன கணக்கு, காப்பீடு, வீட்டுப் பத்திரம், கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் உயிலைத் தேடியதைவிட, என்னென்ன இருக்கிறது என்று தேடியதுதான் அதிக நாளைத் தின்றது. நாமினி பெயர்களையும் ஒருமுறை பாருங்கள், உங்கள் கணவர் பெயரே இன்னும் இருக்கலாம். நாமினிக்கே பணம் சொந்தமா, வாரிசுகளுக்காக வாங்கிவைப்பவரா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிலை நிறைவேற்றுபவராக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும் முதலில் சம்மதம் கேளுங்கள், மாற்றாக இன்னொருவரையும் போடுங்கள். பிறகு அவரை வீட்டுக்கு அழைத்து, அந்த உறை இருக்கும் இடத்தை நேரில் காட்டிவிடுங்கள்.