உள்ளறையில் தடுமாறும் வைஃபை

கேள்வி: வீட்டில் புதிதாக வைஃபை ரூட்டர் பொருத்தியுள்ளோம். கூடத்தில் இணையம் வேகமாக வருகிறது. உள்ளறையிலோ காணொளி நின்று நின்று ஓடுகிறது. ரூட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். இணைப்புக் கம்பி வந்து சேரும் மூலையிலேயே, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ ரூட்டரை வைத்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. உலோகமும் கனத்த கான்கிரீட் சுவரும் அலைகளை வெகுவாகத் தடுப்பதால், சற்று நீளமான கேபிள் வாங்கியாவது அதை வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது நல்லது.

உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைகளிலும் இயங்குவதாக இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிகுந்தது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும் என்பதையும், 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் குறைந்தாலும் கூடுதல் தொலைவு எட்டும் என்பதையும் நினைவில் கொண்டு, உள்ளறைக் கருவிகளை இரண்டாவதில் இணைத்துப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவதால் அதனருகே ரூட்டர் வேண்டாம். அக்கம்பக்கத்து வைஃபைகள் குறுக்கிட்டால், ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸின் உட்பிரிவுகளான 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை இன்றே மாற்றி, பிறர் நுழையாதபடி வைஃபையைக் காக்கும் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என அமையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளறையில் வேகம் போதவில்லையென்றால், கேபிள் இழுத்து அங்கே தனியாக ஓர் ஆக்சஸ் பாயின்ட் (அங்கிருந்தே வைஃபை அலைகளைப் பரப்பும் கருவி) பொருத்திக்கொள்ளலாம்.