ஸ்பயன் கோப் போரை மேசைக்குக் கொண்டுவருவது

அன்புள்ள அண்ணா,

பெயிண்ட் அடித்த மினியேச்சர் சிப்பாய்களை வைத்து மேசையில் பழைய போர்களை ஆடுவது என் பொழுதுபோக்கு. இதுவரை சின்னச் சின்ன மோதல்கள்தான். இப்போது 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பயன் கோப் குன்றில் பிரிட்டிஷாருக்கும் போயர்களுக்கும் (டச்சு வழிவந்த குடியேறிகள்) நடந்த போரை முழுசாகச் செய்யும் ஆசை பிடித்து ஆட்டுகிறது. 28 மி.மீ. உருவங்கள், பத்துப் பேருக்கு ஓர் உருவம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு பக்கமும் குதிரை, பீரங்கியோடு ஐந்நூறைத் தாண்டுகிறது. பிரிட்டிஷ் தரப்பில் காயம்பட்டவர்களைத் தூக்கக் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஸ்ட்ரெச்சர் தூக்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்காக எட்டு உருவங்கள் சேர்த்திருக்கிறேன். மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் தள்ளுபடி உண்டு. ஆரம்பிக்கலாமா?

ச., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். படித்தபோது எனக்கே கை அரித்தது. பட்டியல் போடுகிற கட்டத்தில் இந்தப் பொழுதுபோக்கு தருகிற சுகம் வேறெந்தக் கட்டத்திலும் கிடையாது. ஆனால் இந்தப் போருக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது.

முதலில் தூரம். 28 மி.மீ. உருவம் நிஜ ஆளின் அளவில் கிட்டத்தட்ட 56-இல் ஒரு பங்கு. அந்த அளவில் 500 மீட்டர் மேசைமேல் 9 மீட்டராகிவிடும். போயர்களின் மௌசர் துப்பாக்கி அதற்கும் அப்பால் சுடும். சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து உச்சியை நோக்கிச் சுட்டதுதான் அன்றைய போரே. அந்தக் குன்றுகளை எங்கே வைப்பீர்கள், பக்கத்து வீட்டிலா? போர் முழுவதும் வேண்டுமென்றால் 6 மி.மீ. உருவங்களுக்குப் போங்கள், சாப்பாட்டு மேசையே போதும்.

அடுத்தது மூடுபனி. ஜனவரி 23 இரவு ஜெனரல் வுட்கேட்டின் கீழ் சுமார் 1,700 பிரிட்டிஷ் வீரர்கள் குன்றில் ஏறினார்கள். பாறைத் தரையில் ஆழம் போதாத பதுங்குகுழி ஒன்றைத் தோண்டினார்கள். காலையில் பனி விலகியபோதுதான் குழி தவறான இடத்தில் இருப்பதும், பக்கத்து மேடுகள் போயர்களிடம் இருப்பதும் தெரிந்தது. உங்களோடு பிரிட்டிஷ் பக்கம் ஆடும் நண்பருக்கு இதெல்லாம் முன்பே தெரியும்; அவர் ஒருநாளும் அங்கே குழி வெட்ட மாட்டார். ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் பக்கம் ஆடுபவர் வெறும் மேசையில் முதலில் குழியை வைக்கட்டும். பிறகு மற்றவர் மேடுகளை வைக்கட்டும்.

இனி அந்த எட்டுப் பேர். ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். முந்நூறு பேர் போக மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். உங்கள் கணக்குப்படியே பார்த்தால் 110 உருவங்கள் வேண்டும். எட்டு என்பது மேசை ஓரத்து அலங்காரம். கொள்ளுத்தாத்தாவுக்காகத்தான் இந்த ஆசை வந்தது என்றால், அவருக்கு ஆட்டத்தில் வேலை வேண்டாமா?

வழக்கமாக அடிபட்ட உருவத்தை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அதை நிறுத்துங்கள். விழுந்தவன் யாராவது தூக்கிப்போகும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். உச்சிக்குப் போன செங்குத்தான பாதை குறுகல். துணைப்படையும் தண்ணீரும் அதில்தான் மேலே போக வேண்டும், காயம்பட்டவர்கள் அதில்தான் கீழே வர வேண்டும். யாருக்கு வழி விடுவது? நிஜமான ஆட்டம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆகவே என் யோசனை இது. 28 மி.மீ.யில் அந்தப் பாதையையும் அடிவாரத்து மருத்துவக் கூடாரத்தையும் மட்டும் செய்யுங்கள். ஒரு போயர் உருவம்கூட வாங்க வேண்டாம். முப்பது, நாற்பது உருவங்களில் முடிந்துவிடும். ஆம்புலன்ஸ் படையின் நம்மவர்கள் முதலில் குண்டு விழும் எல்லைக்கு வெளியே நிற்கவேண்டியவர்கள். தோல்விக்குப் பிறகு, கட்டாயமில்லை, உள்ளே வந்தால் நன்றியோடு இருப்போம் என்று பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் புல்லர் சொல்லியனுப்பினார், போனார்கள். சாகும் காயத்தோடு இருந்த வுட்கேட்டைத் தூக்கியதும் இவர்கள்தான். அந்த நாட்களில் ஒரு நாளைக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். எனவே களைப்புக்கும் ஒரு விதி வையுங்கள்: ஆள் மாற்றாமல் தொடர்ந்து தூக்கினால் வேகம் குறையும்.

ஸ்ட்ரெச்சர் தூக்கும் இந்தியர் உருவம் கடையில் தேடி அலைவதைவிட நீங்களே தலையும் கையும் மாற்றி ஒட்டிக்கொள்வது சுலபம். படையின் பழைய புகைப்படத்தில் முன்னணியினர் அகன்ற விளிம்புத் தொப்பி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

தள்ளுபடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்ட் இருக்கிற நிலையில் ஐந்நூறு உருவங்களுக்குத் தள்ளுபடி போனாலும் விலை விலைதான், கப்பல் கூலி வேறு. முதலில் ஒரு ஸ்ட்ரெச்சர், அதைத் தூக்க நாலு பேர், மேலே ஒரு காயம்பட்டவன். இந்த ஐந்தையும் பெயிண்ட் அடித்து முடித்ததும் படம் அனுப்புங்கள். பாதையை எப்படி அமைப்பது என்று அப்புறம் பேசலாம்.