ஊற்றுக்குழியில் வெள்ளைத் தூளைப் போடலாமா?

கேள்வி: கந்தப்பளைக்கு அருகில் லீக்ஸும் கரட்டும் செய்கிறேன், இரண்டு பசுக்கள் உண்டு. மேலே உள்ள தோட்டங்களில் மருந்து அடித்த பின் மழை பெய்தால் என் ஊற்றுக்குழித் தண்ணீரில் மருந்து வாடை வருகிறது, மாடுகள் குடிக்க மறுக்கின்றன. டைட்டேனியம் டயொக்சைட் தூளைப் போட்டால் வெயில் பட்டு நஞ்சு அழிந்துவிடும் என்கிறான் மகன். பெயின்டுக்கு விற்கும் தூளை வாங்கிப் போடலாமா?

பதில்: அன்பின் ஐயா, உங்கள் மகன் சொல்லும் விஞ்ஞானம் சரியானதே, ஆயினும் அந்தத் தூளைக் குழியில் போட வேண்டாம்.

1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான புஜிஷிமா, ஹொண்டா ஆகிய இருவரும் இப்பொருளின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினார்கள். ஒளி படும்போது இதன் மேற்பரப்பில் உருவாகும் ஐதரொட்சில் மூலிகங்கள் எனும் மிகத் தீவிரமாக வினைபுரியும் துகள்கள், பூச்சிநாசினி மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக அறுத்து, போதிய நேரம் கிடைத்தால் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடும். ஆனால் இவ்வேலைக்குப் புற ஊதாக் கதிர் தேவை. தரைக்கு வரும் வெயிலில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். உங்களுக்கு வாடை வருவதோ மழையும் பனிமூட்டமும் உள்ள நாட்களில். மேலும், மண் கலங்கிய நீரில் அக்கதிர் ஆழத்துக்கு இறங்காது. தூள் அடியில் படிந்து இருளில் கிடக்கும்.

பெயின்டுத் தூளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூசிய பெயின்டை வெயிலில் இதே வினை அரித்துவிடக்கூடாது என்பதற்காகவே, அதன் துகள்களைப் பொதுவாக அலுமினா, சிலிக்கா போன்றவற்றால் மூடி விற்கிறார்கள். அதாவது, நீங்கள் விரும்பும் குணத்தை அடக்கி வைத்த தூளையே வாங்குவீர்கள்.

வாடை போனாலும் நீர் சுத்தமாகிவிட்டதென்று கொள்ள முடியாது. பாதி சிதைந்த துண்டுகளில் சில நஞ்சாகவே இருக்கக்கூடும். பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும், மன்கோசெப் என்ற பூஞ்சணநாசினியில் உள்ள மங்கனீசு, நாகம் (துத்தநாகம்) ஆகிய உலோகங்களும் இம்முறையால் அழிவதில்லை. ஸ்பெயினின் அல்மேரியாவில் மருந்துப் போத்தல்களைக் கழுவிய நீரை வெயிலால் சுத்திகரித்திருக்கிறார்கள். அங்கேயும் இரும்பு உப்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்து, அமிலத்தன்மையைச் சரிசெய்து, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் சுழலவிட்டுத்தான் செய்தார்கள்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது வேறு. குழிக்கு மேற்புறத்தில் சரிவுக்குக் குறுக்காக ஒரு கான் வெட்டி, மேலிருந்து வரும் மழைநீரைக் குழிக்குள் விடாமல் பக்கத்துப் புல்தரைக்குத் திருப்புங்கள். அந்தப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடாதீர்கள். குடிநீரை, மருந்து அடிக்கும் நிலங்களுக்கு மேலே உள்ள பீலியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவாருங்கள். உங்கள் சொந்த மருந்துப் போத்தல்களை மும்முறை அலசி, அந்த நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்கு அடியுங்கள்; மேல் தோட்டத்தாரிடமும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடு குடிக்க மறுத்தால் அதை நம்புங்கள். தவிடோ புண்ணாக்கோ கலந்து குடிக்க வைக்க வேண்டாம் என்று உங்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன். வாயில் நுரை தள்ளுதல், தசை நடுக்கம், கழிச்சல், கண்மணி சுருங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள். மேலே அடித்த மருந்தின் போத்தல் லேபிளை எப்படியாவது வாங்கி வைத்திருங்கள். எந்த மாற்று மருந்து கொடுப்பது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.